பற்றரி இல்லாத அட்டையும் எங்கள் வாசிகசாலையும்

அட்டைக்குள் பற்றரி இல்லை என்று சொன்னால் பெடியள் நம்புவதில்லை. கடையில் காசு கட்டக் காட்டும் வங்கி அட்டை, அலுவலகக் கதவைத் திறக்கும் அட்டை, லண்டன் பேருந்தில் காட்டும் அட்டை எல்லாம் ஒரே இனம். பிளாஸ்ரிக்குக்குள் கடுகளவு சிப் ஒன்று, அட்டையின் ஓரத்தைச் சுற்றி ஓடும் சில சுற்று மெல்லிய கம்பி, அவ்வளவுதான். வெள்ளை அட்டை ஒன்றைக் கைத்தொலைபேசி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்தக் கம்பியின் நிழலைக் கண்ணாலேயே காணலாம். அப்படியென்றால் சிப் வேலை செய்யச் சக்தி எங்கிருந்து வருகிறது?

என் வயதுக்காரர் கேட்டால் ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடுவேன்: டைனமோ.

1990 ஜூனில் சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. குடாநாட்டுக்குள் கொண்டுவரக் கூடாதென்று தடுக்கப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் பிறந்த 6 வோல்ற்றில் வீடே சுற்றியிருந்து றேடியோச் செய்தி கேட்ட காலம் அது. இணுவிலில் கே.கே.எஸ். வீதிக்குக் கிட்ட ஒரு றேடியோ திருத்தும் கடையில் நான் தொழில் பழகியதும் அப்போதுதான். டைனமோ தருவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரம். றேடியோவுக்கு வேண்டியது ஒரே திசையில் ஓடுவது. நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் போட்டு அதை நேராக்கிக் கொடுப்பதுதான் எங்கள் கடையின் அன்றைய பெரிய வியாபாரம்.

அட்டைக்குள் நடப்பதும் இதுவேதான். சைக்கிள் டைனமோவில் கம்பிச் சுருளுக்கு நடுவே காந்தம் சுற்றுகிறது. அட்டையில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை; பதிலாக, அட்டையை வாசிக்கும் கருவியான றீடருக்குள் இருக்கும் இன்னொரு கம்பிச் சுருளில் மின்சாரம் செக்கனுக்கு 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரம் தரம் முன்னும் பின்னும் ஓடுகிறது. 13.56 மெகாஹேர்ட்ஸ் என்று றீடர் பெட்டியில் எழுதியிருப்பது இதைத்தான். அந்த மாறும் காந்தப்புலத்துக்குள் அட்டையைக் கொண்டுபோனால் அதன் கம்பியிலும் மின்சாரம் பிறக்கிறது. சிப்புக்குள்ளேயே இருக்கும் நேராக்கி அதை ஒரே திசைக்கு மாற்ற, சிப் விழித்துக்கொள்கிறது. அட்டையை எடுத்தால் அணைந்துவிடுகிறது.

அட்டை பதில் சொல்லும் விதம் இதைவிட அழகு. அதனிடம் தனியே ஒலிபரப்பும் கருவி எதுவும் இல்லை. டைனமோவை ரயரில் சாய்த்ததும் பெடல் கனப்பது சைக்கிள் மிதித்த எல்லோருக்கும் தெரியும். பல்பு எரிகிற பாரம் காலுக்கு வந்து சேருகிறது. சிப்பும் தன் சுருளில் பாரத்தைக் கூட்டியும் குறைத்தும் விளையாடுகிறது. அந்தக் கனத்தை றீடர் தன் பக்கத்துச் சுருளில் உணர்ந்து, ஒன்றும் பூச்சியமுமாக எழுதிக்கொள்கிறது. செக்கனுக்கு ஒரு லட்சத்து ஆறாயிரம் பிற்று இப்படிக் கைமாறுகிறது. தூரம் சில சென்ரிமீற்றர் மட்டுமே. அதற்கு அப்பால் புலம் மெலிந்துவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லக் காரணம் எங்கள் வாசிகசாலை. இணுவில் என்றால் வெளியூரவர்களுக்குத் தவிலும் நாதஸ்வரமும் ஞாபகம் வரும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த ஊர். எங்களுக்கு அதோடு செம்பாட்டு மண்ணும் புகையிலைத் தோட்டமும் கந்தசுவாமி கோயில் மஞ்சமும். பின்னேரம் ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் வாசிகசாலையில் இறங்கிப் புத்தகம் மாற்றிக்கொண்டு போவார்கள். அந்த நேரத்தில் பொறுப்பாயிருக்கும் அக்கா ஒரு பெரிய கொப்பியில் பெயர் தேடி, புத்தக இலக்கம் எழுதி, கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் வரிசை முற்றத்துக்கு வந்துவிடும். அட்டை வைத்து இதைச் சுருக்கலாமா என்று கேட்டார்கள். கடையில் விற்கிற முழு இயந்திரம் வாங்கலாம்தான். ஆனால் அது பழுதானால் திறந்து பார்க்க ஊரில் ஆள் இல்லை. நாங்களே செய்தால் நாங்களே திருத்தலாம்.

மூளைக்கு எடுத்தது ராஸ்பெரி பை. உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு போட். அதிலேயே புரொசெசர், நினைவகம், யூ.எஸ்.பி. துளைகள், ரீவியில் செருகும் வாய் எல்லாம் உண்டு. கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் கூட்டாளிகளும், பிள்ளைகள் மலிவாக வாங்கிப் புரோகிராம் எழுதிப் பழகவேண்டும் என்று செய்த கணினி இது. 2012 பெப்ரவரி 29 இல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தபோது விலை 35 டொலர். என்னிடம் இருப்பது மூன்றாம் தலைமுறை. வெளிநாட்டிலிருந்து வந்த உறவுப் பிள்ளை பாவித்துவிட்டுத் தந்தது. இந்த வேலைக்கு அது தாராளம். றேடியோ திருத்துகிறவனுக்கு இதில் பிடித்த இடம் ஓரத்தில் இரண்டு நிரையாக நிற்கும் 40 பின்கள். சாதாரணக் கணினியில் வெளியே ஒரு வயரைக் கொழுவ வழி தேடவேண்டும்; இதில் அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

றீடருக்கு ஆர்.சி. 522 என்கிற சின்ன நீலப் போட். அதில் உள்ள சிப் என்.எக்ஸ்.பி. நிறுவனத்தின் வடிவமைப்பு. வாங்கும்போது பெரும்பாலும் ஒரு வெள்ளை அட்டையும் ஒரு நீலத் திறப்புக்கோர்வைத் துண்டும் கூடவே வரும். பின் வரிசை தனியாக, சொல்டர் பண்ணாமல் வரும். துளைக்குள் சும்மா செருகிவிட்டு வேலை செய்யும் என்று நினைக்கக்கூடாது. ஒவ்வொரு பின்னையும் ஈயம் வைத்து ஒட்டவேண்டும். இணையத்தில் தேடி வேலை செய்யவில்லை என்று தலையை உடைக்கிறவர்களில் பலருக்குப் பிழை இந்த ஒரு இடத்தில்தான்.

வயர் ஏழு. கணினியின் 1 ஆம் பின்னிலிருந்து 3.3 வோல்ற், 6 ஆம் பின்னிலிருந்து நிலம். 19 இல் கணினி பேசும் வயர், 21 இல் கணினி கேட்கும் வயர், 23 இல் தாளம் போடும் வயர், 24 இல் "உன்னைத்தான் கூப்பிடுகிறேன்" என்று சொல்லும் வயர், 22 இல் றீடரைத் திரும்ப எழுப்பும் வயர். றீடரில் எட்டாவதாக ஒரு துளை உண்டு. அதைச் சும்மா விடலாம். தாள வயர் ஒவ்வொரு தரம் துடிக்கும்போதும் ஒரு பிற்று போகும், ஒரு பிற்று வரும். தவில்காரர் ஊரில் இதை விளங்கப்படுத்தக் கஷ்டம் இல்லை. இந்த ஏற்பாட்டுக்கு எஸ்.பி.ஐ. என்று பெயர். ராஸ்பெரி பையில் அது வழமையாக மூடியே இருக்கும். அமைப்புகளுக்குள் போய், இன்டர்ஃபேஸ் என்ற பகுதியில் அதைத் திறந்துவிட்டுக் கணினியை ஒருதரம் நிறுத்தி எழுப்பவேண்டும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்: பக்கத்திலேயே 2 ஆம் பின்னில் 5 வோல்ற் இருக்கிறது. றீடரை அதில் கொழுவக்கூடாது. இந்தச் சிப் 3.3 க்குச் செய்தது. கணினியின் பின்களும் அப்படித்தான். 5 வோல்ற் திரும்பி வந்தால் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

எல்லாம் கொழுவியவுடன் எல்லோரும் அட்டையைத்தான் கையில் எடுப்பார்கள். நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பது வேறு. முதலில் சிப்பிடம் அதன் பதிப்பு இலக்கத்தைக் கேளுங்கள். பதினாறின் அடிக் கணக்கில் 91 அல்லது 92 என்று வந்தால் வயர் எல்லாம் சரி. எல்லாம் பூச்சியமாகவோ எல்லாம் ஒன்றாகவோ வந்தால் மறுமுனையில் பேச ஆளே இல்லை. வயரையும் ஈயத்தையும் பாருங்கள். வேறு இலக்கம் வந்தால் அது யாரோ பார்த்துச் செய்த நகல் சிப். பெரும்பாலும் அதுவும் வேலை செய்யும். திருத்துகிற தொழிலில் இருப்பவனுக்கு இந்த ஒழுங்கு முக்கியம். கிட்ட இருப்பதைச் சோதித்த பிறகே தூர இருப்பதைச் சந்தேகிக்கவேண்டும்.

புரோகிராம் பைதன் மொழியில். ஆயத்தமாக எழுதி வைத்த தொகுப்புகள் கிடைக்கின்றன, பத்துப் பதினைந்து வரியில் அட்டையின் இலக்கம் திரையில் வரும். ஐந்தாம் தலைமுறை ராஸ்பெரி பை வாங்குகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: அதில் பின்களை ஆளும் வேலை ஒரு புதிய சிப்புக்குப் போய்விட்டது, பழைய பாடங்களில் சொல்லப்படும் பின் தொகுப்பு அதில் ஓடாது. அதற்கென்று மாற்றி எழுதிய தொகுப்பைப் போடவேண்டும்.

இனி மேசை. வாசிகசாலையில் இருந்தது இரும்பு மேசை. றீடரை அதன்மேல் வைத்தால் அட்டை தெரியாது. மாறும் காந்தப்புலம் இரும்புத் தகட்டுக்குள்ளும் சுழல் மின்னோட்டத்தை எழுப்பி அங்கேயே தன் பலத்தை இழந்துவிடும். ஒரு பலகைப் பெட்டி செய்து, மெல்லிய பிளைவூட்டுக்குக் கீழே றீடரைப் பொருத்தினேன். மேலே ஒரு வட்டம் கீறி "அட்டையை இங்கே வைக்கவும்" என்று எழுதியாயிற்று.

பார்வைக்கு எல்லா அட்டையும் ஒன்றுபோல இருக்கும், அதுதான் தொல்லை. அலுவலக வரவுப் பதிவுக்குக் கொடுக்கும் அட்டைகளில் ஒரு பகுதி 125 கிலோஹேர்ட்ஸ் என்ற வேறு அலைவரிசையைச் சேர்ந்தது. இந்த றீடருக்கு அது வெறும் பிளாஸ்ரிக். அதனால் அட்டை வாங்கும்போது 13.56 என்று கேட்டு வாங்கவேண்டும்.

இன்னொன்று கொஞ்சம் நுட்பமானது, ஆனால் தெரியாமல் விட்டால் வாசிகசாலைக் கணக்கே குழம்பும். சில அட்டைகளின் இலக்கம் 4 பைற் நீளம், சிலவற்றினது 7 பைற். பரவலாக ஓடும் பைதன் தொகுப்புகளில் சில, 7 பைற் அட்டையைக் கண்டால் முதல் சுற்றோடு நின்றுவிடும். அந்தச் சுற்றில் கிடைப்பது "இன்னும் இருக்கிறது" என்று சொல்லும் 88 என்ற குறியும், இலக்கத்தின் முதல் 3 பைற்றும் மட்டுமே. அதிலும் முதல் பைற் தயாரித்த நிறுவனத்தின் அடையாளம், என்.எக்ஸ்.பி. அட்டை எல்லாவற்றிலும் 04. மிச்சம் 2 பைற், அதாவது 65,536 வாய்ப்பு. இரண்டு பிள்ளைகளின் அட்டை ஒரே இலக்கமாகத் திரையில் வரக்கூடும். லண்டனிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த மருமகனின் ஓய்ஸ்டர் என்ற பேருந்து அட்டையை வைத்துப் பார்த்தபோது திரையில் 88, 04 என்றுதான் தொடங்கியது. அதைக் காட்டியே பிள்ளைகளுக்கு இதை விளங்கப்படுத்தினேன். பிறகு எல்லோருமாக இருந்து இரண்டாம் சுற்றையும் கேட்கும்படி புரோகிராமைத் திருத்தினோம். கைத்தொலைபேசியை அட்டைக்குப் பதிலாகக் காட்டலாமா என்று கேட்கிறவர்களும் உண்டு. பல தொலைபேசிகள் ஒவ்வொரு தரமும் 08 இல் தொடங்கும் புதுப்புது இலக்கத்தைச் சொல்லும், வேண்டுமென்றே. ஆளைப் பின்தொடரக் கூடாது என்பதற்காக அப்படிச் செய்திருக்கிறார்கள். அந்த எண்ணத்தை நான் மதிக்கிறேன்.

அந்த ஓய்ஸ்டர் அட்டைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஒஸ்ரியாவில் மைக்ரோன் என்ற சிறு நிறுவனம் செய்த மைஃபேர் என்ற சிப் 1994 இல் வந்தது. தென்கொரியாவின் சோல் நகரப் பேருந்துகள் அதை முதலில் எடுத்துக்கொண்டன, 2003 இல் லண்டன் எடுத்தது. உள்ளே 16 அறைகள், அறைக்கு 4 தட்டு, தட்டுக்கு 16 பைற். ஒவ்வொரு அறையின் கடைசித் தட்டில் அந்த அறைக்கான திறப்புகள். எப்படிப் பூட்டுகிறோம் என்பதை நிறுவனம் வெளியே சொல்லவில்லை. 2007 டிசெம்பரில் பேர்லினில் நடந்த ஒரு கணினி மாநாட்டில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் புளொட்ஸ் என்ற இருவர், சிப்பைப் படை படையாகச் சீவி நுணுக்குக்காட்டியில் பார்த்து அந்த இரகசியத்தை வாசித்ததைக் காட்டினார்கள். திறப்பின் நீளம் வெறும் 48 பிற்று. அடுத்த ஆண்டு நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தார் முழுவதையும் ஆய்வுக் கட்டுரையாக வெளியிடப் புறப்பட்டபோது என்.எக்ஸ்.பி. நீதிமன்றம் போய்த் தடை கேட்டது. 2008 ஜூலையில் நீதிமன்றம் தடை தர மறுத்தது. பிழை சிப்பில் இருக்கும்போது அதைச் சொன்னவர்களின் வாயை மூடுவது முறையல்ல என்பதே என் எண்ணமும். லண்டன் பிறகு வலுவான வேறு சிப்புக்கு மாறியது.

எங்கள் பெட்டியோடு வந்த வெள்ளை அட்டை அந்தப் பழைய மைஃபேர் இனம். அதைவிட, இலக்கத்தையே மாற்றி எழுதக்கூடிய அட்டைகளும் சந்தையில் கிடைக்கின்றன. ஆகவே இலக்கம் என்பது ஆள் அல்ல. அட்டையைக் காட்டியவர் அந்த அட்டைக்குச் சொந்தக்காரர்தான் என்பதற்கு அட்டை சாட்சி இல்லை. காசு வைத்திருக்கும் அறைக் கதவுக்கு இந்த ஏற்பாட்டைப் போடக் கேட்டால் நான் போடமாட்டேன். வாசிகசாலைக்குப் போதும், ஏனென்றால் மேசைக்குப் பின்னால் ஊரில் எல்லோரது முகமும் தெரிந்த அக்கா இருக்கிறார். திரையில் பெயர் வரும். எதிரே நிற்கிற பிள்ளை அதுதானா என்று அவர் ஒரு பார்வை பார்ப்பார்.

பரீட்சித்துக் கொண்டிருந்த நாட்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தினசரி வாசிக்க வந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பெட்டியை உற்றுப் பார்த்தார்.

"தம்பி, இந்த மிசின் நான் எத்தினை மணிக்கு வந்தனான், என்ன புத்தகம் எடுத்தனான் எண்டு எல்லாம் எழுதி வைக்குமோ?"

"வைக்கச் சொன்னால் வைக்கும் சேர்."

"அப்ப வைக்கச் சொல்லாதையும்."

அவர் அதற்குமேல் விளக்கம் சொல்லவில்லை, எனக்குத் தேவைப்படவும் இல்லை. அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி சோதனைச் சாவடி வரிசையில் நின்ற ஊர் இது. எந்தக் கொப்பியில் எந்தப் பெயர் இருக்கிறது என்பது ஒரு வீட்டின் நித்திரையைக் கெடுத்த காலத்தைக் கண்டவர்கள் நாங்கள். பிள்ளைகளுக்கு அது தெரியாமல் இருப்பது நல்லது. ஆனால் அவர்களுக்காகக் கருவி செய்கிற நாங்கள் மறக்கக்கூடாது. இந்த வேலையில் வயரை விட, சிப்பை விட, நான் அதிகம் யோசித்தது இந்த ஒரு விஷயத்தைத்தான்.

அதனால் அட்டைக்குள் நாங்கள் எதுவும் எழுதவில்லை. பெயர் இல்லை, விலாசம் இல்லை, பிறந்த திகதி இல்லை. அட்டை தன்னோடு பிறந்த இலக்கத்தை மட்டும் சொல்லும். அந்த இலக்கத்துக்கு எதிரே ஒரு அங்கத்துவ இலக்கமும் பெயரும் கணினியில் இருக்கும். வந்த நேரம், போன நேரம் பதிவதில்லை. ஒருவர் புத்தகம் எடுத்தால் ஒரு வரி எழுதப்படும். திருப்பித் தந்தால் அந்த வரி அழியும். அந்தப் புத்தகம் எத்தனை தரம் வெளியே போனது என்ற எண்ணிக்கை மட்டும் கூடும், யார் எடுத்தார் என்பது தங்காது. எந்தப் புத்தகத்துக்குத் தேவை கூட என்று அறிய அக்காவுக்கு அந்த எண்ணிக்கை போதும்.

அழிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. நாங்கள் பாவிக்கும் எஸ்.கியூ.லைட் என்ற தரவுத்தளம் ஒரு வரியை அழி என்றால், அந்த இடம் வெறுமையாகிவிட்டது என்று குறித்துக்கொள்ளும். எழுத்து கோப்புக்குள் அப்படியே கிடக்கலாம். தெரிந்தவர் தோண்டினால் எடுப்பார். செக்யூர் டிலீட் என்ற ஏற்பாட்டை இயக்கினால் அந்த இடத்தைப் பூச்சியத்தால் நிரப்பிவிட்டுத்தான் விடும். இதைச் செய்ய ஒரு வரி போதும். வரவுப் பதிவு இயந்திரம் வைத்திருக்கும் ரியூட்டரிகளும் அலுவலகங்களும் தங்கள் இயந்திரத்தை விற்றவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்கவேண்டும்: அழித்தால் அழிகிறதா?

கரண்ட் விஷயமும் மிச்சம் இருக்கிறது. 2022 இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் எந்தக் கருவியையும் கரண்ட் போகும் என்று எண்ணித்தான் செய்யவேண்டும். ராஸ்பெரி பையின் நினைவு ஒரு சின்ன மெமரி காட்டில் இருக்கிறது. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அது கெட்டுப்போகலாம். அதற்கு ஒரு சின்ன பற்றரிக் காவல் வைத்திருக்கிறோம். மற்றது, இந்த மூன்றாம் தலைமுறைக் கணினிக்குள் ஓடும் மணிக்கூடு கிடையாது. இணையம் இல்லாமல் எழும்பினால் அதற்கு இன்றைய திகதி தெரியாது; புத்தகம் தரவேண்டிய நாள் பிழைக்கும். டி.எஸ். 3231 என்ற நாணயப் பற்றரி மணிக்கூட்டுப் போட் ஒன்றைச் சேர்த்ததும் அது தீர்ந்தது.

புத்தகங்களிலும் இப்படிச் சிப் உள்ள ஒட்டி ஒன்றை வைக்கலாமே என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். பெரிய நூலகங்கள் புத்தகத்துக்குப் பாவிக்கும் ஒட்டி வேறு நியமம். அலைவரிசை அதே 13.56 ஆனாலும் பேச்சு முறை வேறு, கூடிய தூரத்திலிருந்து வாசிக்கும்படி செய்தது. ஆர்.சி. 522 க்கு அந்தப் பேச்சு விளங்காது. பி.என். 5180 என்ற சிப் உள்ள றீடர் இரண்டையும் வாசிக்கும். அதை ஒருதரம் செய்து பார்க்க ஆசை இருக்கிறது. அதுவரை புத்தகத்தின் முதற்பக்கத்தில் அக்கா கையால் எழுதிய இலக்கத்தையே தட்டுகிறோம்.

உடுவில், கோண்டாவில் பக்கத்து வாசிகசாலைகள் செய்ய நினைத்தால், பெட்டியை இங்கே வந்து திறந்து பார்க்கலாம். உள்ளே எந்தப் பின்னுக்கு எந்த நிற வயர் என்று மூடியின் உட்புறத்தில் தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புரோகிராமின் குறிப்புகளும் தமிழில்தான். எல்லாம் பிரதி பண்ணிய இன்னொரு மெமரி காட் அக்காவின் லாச்சிக்குள் கிடக்கிறது. பழைய கொப்பியையும் எறியவில்லை. கரண்டும் இல்லை, பற்றரியும் முடிந்தது என்றால் அன்றைக்கு அதில் எழுதுவோம், அடுத்த நாள் கணினியில் ஏற்றிவிட்டு அந்த வரிகளை வெட்டுவோம்.